கரித்துணிக்கும் இஸ்திரி

இஸ்திரிப் பெட்டி காய்கிற நேரத்துச் சூட்டை ஏன் வீணாக்க வேண்டும் என்பது நிவேதாவின் கணக்கு. அதனால் பிளக்கைச் சொருகியதும் முதலில் தலையணை உறை, பிறகு துண்டு, அதன் பிறகு அம்மா உப்பளத்துக்கு மாட்டிக்கொண்டு போகிற பழைய ஆண்சட்டை, அப்புறம் அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிற கரித்துணி என்று வரிசையாகத் தேய்ப்பாள். நன்றாகச் சூடேறிய பிறகுதான் ஜவுளிக்கடை வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிற காட்டன் சேலைக்கு வருவாள். முதல் சம்பளத்தில் இஸ்திரிப் பெட்டி வாங்கிய நாளிலிருந்து இதுதான் நடக்கிறது.

"உப்புக் கூடைக்குத் தெரியுமாடி, சட்டை அயன் பண்ணதா இல்லையான்னு?" என்று அம்மா அம்சவல்லி அன்றைக்கும் கேட்டாள். "ரெண்டு நடை தூக்குனா கசங்கிடுது."

"உப்பளம் வரைக்கும் தெருவுலதானே நடந்து போற. அதுக்குத்தான்."

"கரித்துணி எந்தத் தெருவுல நடக்குது?"

நிவேதா கரித்துணியை நான்காக மடித்து, மடிப்பின் மேல் இன்னொரு முறை பெட்டியை ஓட்டினாள். கிளை விட்டுக் கிளை தாவுகிற குருவிபோல் அவளுடைய கண் மட்டும் துணிக்கும் கடிகாரத்துக்குமாகத் தாவிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் மழை. மழையோடு கரண்டும் போய் விடிகாலையில்தான் வந்திருந்தது. இல்லையென்றால் நேற்று இரவே சேலையைத் தேய்த்து மாட்டியிருப்பாள். திண்டிவனம் பஸ்ஸுக்கு அதிக நேரம் இல்லை. கசங்கிய சேலையோடு வந்த இரண்டு பெண்களைப் போன மாதம் ஜவுளிக்கடை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். நிவேதாவுக்கும் ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. உப்பளப் பாத்தியில் மழைத்தண்ணீர் நிற்கிறவரை அம்சவல்லிக்கு வேலை கிடையாது. அதுவரைக்கும் அந்தக் கடைச் சம்பளம்தான் இரண்டு பேருக்கும் சோறு.

சேலையை விரித்தாள். கஞ்சி போட்டது, முறம்போல் விறைத்துக்கொண்டு நின்றது. பெட்டி பட்டதும் கஞ்சி வாடை எழுந்தது. கூரையில் தொங்கிய பல்பு சிவந்து மங்கியிருந்தது. குடிசை வீட்டுக்கென்று கொடுத்த, மீட்டர் இல்லாத இலவச கரண்டு சர்வீஸ் அது. ஒரு பல்பு, ஒரு டிவி, அதற்கு மேல் எதையும் சொருகக் கூடாது. நிவேதா டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பெட்டியைச் சொருகுவாள். உடனே பக்கத்து வீட்டு விளக்கும் சேர்ந்து மங்கும். "வெச்சிட்டாய்யா பொட்டிய" என்று கொளஞ்சி அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பான்.

இன்றைக்குக் கொளஞ்சியின் குரல் வேறு மாதிரி வந்தது. மெதுவாக, தட்டிக்கு வாயை ஒட்டிவைத்து.

"அக்கா, லைன்மேன் சாலமன் வர்றான். கூட ஆபீசரும் வர்றாரு. உன் வூட்டுப் பக்கம்தான்."

அம்சவல்லி வாசலை எட்டிப் பார்த்தாள். பின்தெருவில் தண்ணி மோட்டார் போட்ட இரண்டு வீட்டுக்குப் போன வாரம்தான் லைனை வெட்டினார்கள். வெட்டினால் திரும்ப வாங்க முடியாது. பட்டா கேட்பார்கள். வீடு நிற்பதோ புறம்போக்கில். செத்துப்போன புருஷன் என்றைக்கோ அலைந்து திரிந்து வாங்கி வைத்த சர்வீஸ்.

"புடுங்குடி" என்றாள்.

பிளக்கைப் பிடுங்கியதும் பல்பு பளிச்சென்று ஆனது. அதைப் பார்க்கவே இருவருக்கும் பயமாக இருந்தது. நிவேதா கொதிக்கிற பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினாள். கட்டிலுக்கு அடியில் பாய். அரிசி இருப்பது பிளாஸ்டிக் டிரம்மில். தண்ணீரில் போட்டால் பெட்டி போய்விடும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"இங்க குடு" என்று அம்சவல்லி பிடுங்கினாள். அடுப்புக்குப் பக்கத்தில் வாயகன்ற பானையில் கல்லுப்பு இருந்தது. இரண்டு கையாலும் குழி பறித்து, பெட்டியை உள்ளே இறக்கி, ஒயரைச் சுருட்டி வைத்து, உப்பை மேலே தள்ளி, முறத்தைக் கவிழ்த்தாள்.

"ஐயோ, பொட்டி துருப்பிடிச்சிடும்மா."

"வாய மூடு."

"அக்கா, சர்வீஸ் பாக்கணும்னு சார் வந்திருக்காரு" என்று சொல்லிக்கொண்டே சாலமன் தலையைக் குனிந்து நுழைந்தான். பின்னால் வந்த ஆபீசருக்கு நாற்பது வயதிருக்கும். பேண்டின் அடி மடிப்பு முழுக்கச் சேறு.

"இந்தத் தெருவுல தினம் காலையில லோடு ஏறிப் பியூஸ் போவுது" என்றார் அவர். பல்பைப் பார்த்தார். டிவியின் பிளக் தரையில் கிடந்ததைப் பார்த்தார். "டிவி ஓடலியா?"

"காலைல ஏது சார் டிவி? வேலைக்குப் போற வீடு."

"என்னமோ வாடை வருதே."

"கஞ்சி சார். சேலைக்குப் போட்டது."

அவர் கட்டிலில் பாதி மடிப்போடு கிடந்த சேலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிவேதா தலையைத் தூக்கவே இல்லை. அவர் ஒருமுறை பெருமூச்சு விட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். அம்சவல்லிக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் பானைக்குள் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது.

அவர் நின்றார். சற்று இடைவெளி விட்டு இன்னொன்று. பிறகு கடுகு தாளிக்கிறதுபோல் படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது. பாத்தியிலிருந்து வாரி வந்த உப்பு. ஒவ்வொரு கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கும். சூடு பட்டால் வெடிக்கும் என்பது பிறந்ததிலிருந்து உப்பள வேலை செய்கிற அம்சவல்லிக்குத் தெரியாதா? பயத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

"அது என்னம்மா?"

"உப்பு சார். மழை ஈரத்துக்கு அப்பிடித்தான்..."

"மழைக்கு உப்பு வெடிக்குமா சாலமன்?"

சாலமன் பானையை ஓரக்கண்ணால் பார்த்தான். "உப்பளத்துக்காரங்க வூடு சார். உப்பு கொஞ்சம் பேசும்."

ஆபீசர் சிரிக்கவில்லை. குனிந்து முறத்தை எடுத்தார். ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. கைப்பிடி மட்டும் உப்புக்கு மேலே கறுப்பாகத் தெரிந்தது.  உப்பு இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது.

அவர் கட்டிலின் தலைமாட்டில் அடுக்கியிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தலையணை உறை. துண்டு. காலர் கிழிந்த ஆண்சட்டை. கடைசியில் கரித்துணியை இரண்டு விரலால் தூக்கினார். அதன் மடிப்பு கத்திபோல் இருந்தது.

"சேலைக்குன்னாகூட ஒத்துக்கலாம். கரித்துணிய எவளாவது அயன் பண்ணுவாளா?"

தினமும் அம்சவல்லி கேட்கிற அதே கேள்விதான். அவர் வாயிலிருந்து வந்தபோது அவளுக்குச் சுருக்கென்றது.

"அது எங்க வூட்டுக் கரித்துணி சார். கீழ வைங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கரித்துணியை வைத்துவிட்டு, "சாலமா, பியூஸ எடு" என்றார்.

நிவேதாவுக்குக் கண் நிரம்பிவிட்டது. சாலமன் நகரத் தயங்கினான். அம்சவல்லி வாசற்படியில் குறுக்கே போய் நின்றாள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"வெட்டாதீங்க சார். மீட்டர் வெச்சிடுங்க."

"மீட்டர் வெச்சா பில்லு வரும்மா. உப்பு வேலை இல்லாத மாசமும் வரும்."

"வரட்டும் சார். கட்றோம். இவ வேலைக்கு அந்தப் பொட்டி வேணும். தெனமும் திருடி மாதிரி பிளக்கப் புடுங்கிட்டு என்னால ஓட முடியாது."

அவர் பாதி தேய்த்த சேலையை இன்னொரு முறை பார்த்தார். அம்சவல்லி படியை விட்டு நகரவில்லை.

"இன்னைக்கே ஆபீசுக்கு வந்து எழுதிக் குடு" என்றார் கடைசியில். "சாயங்காலத்துக்குள்ள வரலன்னா காலைல லைன் இருக்காது. அதுவரைக்கும் அத சொருகாத."

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அவர் வண்டி எடுத்துப் போகிற சத்தம் கேட்டது.

நிவேதா அப்படியே நின்றாள். "சொருகக் கூடாதுன்னுட்டாரே. சேலை பாதியிலே நிக்குதும்மா."

அம்சவல்லி பெட்டியைப் பானையிலிருந்து இழுத்து, அடியைக் கரித்துணியால் அழுத்தித் துடைத்தாள். அந்தத் துணியின் மடிப்பெல்லாம் போயிற்று. "சூடு இன்னும் இருக்குது. முன்கொசுவமும் முந்தானையும் மட்டும் தேய். உள்ள சுத்தறத உங்க சூப்பர்வைசரு பிரிச்சா பாக்கப் போறான்?"

நிவேதா அழுகையோடு அழுகையாகத் தேய்த்தாள். முந்தானை முடிகிறபோது பெட்டியில் சூடு அடங்கிவிட்டது. மளமளவென்று கட்டிக்கொண்டு, திரும்பி நின்று அம்மாவிடம் காட்டினாள். முதுகுப் பக்கம் மட்டும் ஒரு சுருக்கம் கிடந்தது.

"பையை அந்தத் தோள்ல போடு. போ, பஸ் வந்துடும்."

அவள் ஓடியதும் அம்சவல்லி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். சாலமன் போகாமல் தன் வண்டியில் உட்கார்ந்திருந்தான்.

"ஏறுக்கா, ஆபீஸ்ல வுட்டுடறேன்."

உப்பளத்து ரோட்டில் இரண்டு பக்கமும் பாத்திகள் நிரம்பி வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தன. 

"சாலமா, சேலை ஒண்ணு மட்டும் தேச்சா பில்லு நெறைய வருமா?"

"சேலை மட்டும்னா பயப்படாத."

அம்சவல்லி வண்டிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கரித்துணியும் சேத்துன்னா?"