எட்டு வீடும் ஒரு பார்க்கும்

"அந்த எட்டு வூட்டையும் இப்பவே பேத்து எடு!"

மோகனா போட்ட சத்தத்தில், பின்கட்டில் அசைபோட்டுக்கொண்டிருந்த எருமைகூட ஒரு கணம் வாயை நிறுத்தியது.

பரிமளா பையிலிருந்து கட்டரை எடுத்தாள். பிளேடை வெளியே தள்ளினாள். சிமென்ட் தரையில் குந்தி உட்கார்ந்து, தெர்மாகோல் பலகைமேல் வரிசையாக நின்ற குட்டி வீடுகளில் முதல் வீட்டின் அடியில் பிளேடைச் செருகினாள். 'சரக்!' வீடு கையோடு வந்துவிட்டது. விரலளவு உயரம். தகரக் கூரைக்குப் பதில் வெள்ளித்தாள். உள்ளே கடுகு போல ஒரு பல்பு.

"தலைப்பு 'எங்க ஊரு'ன்னுதானேம்மா குடுத்துகிறாங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"அத்தான் நானும் சொல்றேன். ஊருன்னா ஊரு. அதுல காலனிய எதுக்கு இஸ்துக்கினு வந்து ஒட்டிகீற? எம் புள்ள மாடல்ல உன் தெருவுக்கு இன்னா வேல?"

"கால்வாய்க்கு அந்தாண்டதான்மா வெச்சேன். நெசத்துல கீற மாதிரியே."

"நெசத்துல கீறது நெசத்துலயே கெடக்கட்டும். சீஃப் கெஸ்ட்டு யாரு தெரியுமில்ல? எங்க வூட்டுக்காரரு. நாலு பேரு முன்னால அவரு மூஞ்ச எங்க வெச்சுப்பாரு?"

மோகனாவின் வீட்டுக்காரர் வேதகிரி, ஊராட்சித் தலைவர். சாலவாக்கம் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் இன்டர்நேஷனல் ஸ்கூலில் அவர் மகன் தணிகைவேல் ஐந்தாவது படிக்கிறான். அந்த ஸ்கூலில் மாதம் ஒரு 'கிரியேட்டிவ் ப்ராஜெக்ட்'. எரிமலை கக்க வேண்டும், காற்றாலை சுற்ற வேண்டும், இந்த மாதம் ஊரே லைட் போட்டுக்கொண்டு மின்ன வேண்டும். 'மாணவர்கள் தங்கள் சொந்தக் கையால் செய்ய வேண்டும்' என்று சர்க்குலரில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படித்து முடித்த கையோடு பெற்றோர்கள் பரிமளாவுக்குப் போன் போடுவார்கள்.

எட்டாவது வீடும் 'சரக்' என்றது. பலகையில் ஒரு வெள்ளைத் தழும்பு.

"காலியா கீதேம்மா?"

"ஒரு பார்க்கு வெச்சு வுடு. ஊஞ்சல், சறுக்கு மரம்னு அம்சமா."

பச்சைத்தாளை வெட்டி ஒட்டி, அறுந்த ஒயர்களை அதன் அடியில் ஒளித்து, பரிமளா பத்தே நிமிடத்தில் பார்க் போட்டாள். மோகனா உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தாள். சானிட்டைசர். கோயில், குளம், பஞ்சாயத்து ஆபீஸ், புதுப் பார்க் என்று ஓர் இடம் விடாமல் அடித்தாள். கொரோனா போய் எத்தனை வருஷமாச்சு! மோகனா வீட்டுப் பாட்டில் மட்டும் தீரவே இல்லை. குளத்து நீலம் கரைந்து கோயில் படி வரைக்கும் வழிந்தது. அதன் பிறகுதான் பலகையைத் தொட்டுத் தூக்கி உள்ளே கொண்டுபோனாள்.

எட்டு வீட்டையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு பரிமளா கிளம்பினாள்.

ஒரு காலத்தில் உத்திரமேரூர் கல்யாண மண்டபங்களில் மணமகன், மணமகள் பெயரைத் தெர்மாகோலில் வெட்டிக் கொடுத்த கை அது. லைட் போர்டு வந்து அந்த வேலையைத் தின்றுவிட்டது. இப்போது ஸ்கூல் ப்ராஜெக்ட்தான் பிழைப்பு. கணவன் சாம்சன் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறான். ஒரே மகள் நிஷா. இலவச ஒதுக்கீட்டில் சீட்டு கிடைத்து அதே இன்டர்நேஷனல் ஸ்கூலில், தணிகைவேலின் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது நிஷா தரையில் கடை பரப்பியிருந்தாள். மாத்திரை அட்டை, ஐஸ் குச்சி, பழைய டார்ச் பேட்டரி. சுண்டுவிரலில் சூடான பசை பட்ட கொப்புளம்.

"குடுடி, நான் வெட்டித் தரேன்."

"கைய வெக்காதமா! மிஸ் சொந்தமா செய்யச் சொல்லிகிறாங்க."

"ஆமாமா! உங்கிளாஸ்ல மொத்தப் பேரும் சொந்தமாத்தான் செஞ்சிக்கினு கீறாங்க. பதினோரு பேருக்கு இந்தக் கைதான் சொந்தம்."

"அது அவுங்க. நீ தள்ளு."

பரிமளா சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தாள். கோணல் மாணலாக ஓர் ஊர். நடுவில் கால்வாய். அந்தப் பக்கம் எட்டு வீடு. தாயும் மகளும் ஒரே தெருவைத்தானே பார்த்துச் செய்தார்கள்! நிஷா சுவிட்சைத் தட்டினாள். ஊர்த் தெரு முழுக்கப் பளிச். கால்வாய்க்கு அந்தாண்டை இருட்டு.

"ஒயர் குடுக்காம உட்டுட்டியேடி."

"உடல. நம்ம தெருல ஏதுமா லைட்டு?"

பரிமளாவின் சிரிப்பு அப்படியே நின்றது. ஸ்கூல் வேன் ஊருக்குள் வராது. அதாவது இவர்கள் தெருவுக்குள் வராது. பால் சொசைட்டி எதிரில் இறக்கி விட்டுவிட்டுத் திரும்பிவிடும். மழைக்காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிட, கால்வாய்க் கரையில் செல்போன் வெளிச்சத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். போன மாதம் காலடியில் ஒரு கட்டுவிரியன். மனு கொடுத்து மூன்று வருஷம். கம்பம் நிற்கிறது, பல்பு இல்லை.

"பேஜாரு புடிச்ச பொண்ணு. மார்க்கு போய்டும்டி."

"உள்ளத உள்ளபடி செய்யணும்னு மிஸ்தான் சொன்னாங்க."

நிஷா நம்பித்தான் சொன்னாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலை போன் வந்தது. "நிஷா மதர், உடனே ஸ்கூலுக்கு வாங்க."

வகுப்பறை வாசலில் நிஷா தனியாக நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. உள்ளே நீள மேசைகளில் மாடல்கள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு வண்ண அட்டை: 'நானே செய்தேன்!' பரிமளா எண்ணிப் பார்த்தாள். பதினொன்றும் அவள் செய்தது. நிஷாவின் ஊர் மட்டும் மேசைக்கு அடியில், துடைப்பத்துக்குப் பக்கத்தில்.

சுலோச்சனா மிஸ் நாற்காலியைக் காட்டவில்லை.

"ஒரு பேரன்ட் கம்ப்ளைன்ட் பண்ணியிருக்காங்க. நிஷா மாடலை நீங்கதான் செஞ்சு குடுத்திருக்கீங்களாம். பிசினஸாவே பண்றீங்களாமே? இது மத்தக் குழந்தைகளுக்கு அநியாயம் இல்லையா?"



"நான் தொடக்கூட இல்ல மிஸ். அவ வெரல பாருங்க, கொப்புளம்."

"அஞ்சாவது படிக்கிற குழந்தைக்கு இவ்வளவு வேலை வராதும்மா. உங்க ஆளுங்களுக்குக் கைவேலை நல்லா வரும், நான் தப்பா சொல்லலை. ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கில்ல? அதோட பாதி லைட் எரியவே இல்லை. ஃபால்ட்டை சரி பண்ணுடின்னா, அது ஃபால்ட் இல்லைன்னு எதிர்த்துப் பேசறா. நாளைக்கு பிரசிடென்ட் சார் வர்ற இடத்துல இதெல்லாம் தேவையா?"

ஆக, சங்கதி அங்கே இருக்கிறது. கம்ப்ளைன்ட் கொடுத்த 'ஒரு பேரன்ட்' யாரென்று யாரும் சொல்லத் தேவையில்லை. மகனின் மாடலைக் கொண்டுவந்து வைத்தபோது மோகனா இந்த இருட்டுப் பக்கத்தைப் பார்த்திருப்பாள்.

சுலோச்சனா ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள். "சிம்பிள். இந்த மாடலை நான்தான் செய்தேன், என் மகள் செய்யவில்லை, மன்னிக்கவும்னு எழுதி கையெழுத்துப் போடுங்க. விஷயம் இங்கயே முடிஞ்சுடும்."

"எழுதலன்னா?"

"பொய் சொன்ன குழந்தைன்னு ரிஜிஸ்டர்ல ஏறும். எட்டாவது வரைக்கும் கூடவே வரும். யோசிச்சுக்குங்க."

யோசித்தாள். ஒரு கையெழுத்துப் போட்டால் ரிஜிஸ்டர் தப்பும். ஆனால் வாசலில் நிற்கிறாளே ஒருத்தி, அவளுக்கு ஆயுசுக்கும் தெரியும்: தான் செய்ததைத் தான் செய்யவில்லை என்று பெற்ற தாயே எழுதிக் கொடுத்தாள் என்று. போடாமல் உண்மையைச் சொன்னாலோ, பதினோரு வீட்டுக் கதவும் மூடிக்கொள்ளும். சாம்சன் முதுகில் இன்னும் எத்தனை மூட்டைதான் ஏறும்?

ஜன்னல் வழியே நிஷா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேனா குடுங்க மிஸ்."

நின்றபடியே எழுதினாள். மண்டபத்தில் பெயர் வெட்டிய கை; அச்சடித்த மாதிரி எழுத்து. சுலோச்சனா வாங்கிப் படித்தாள். முதல் வரியிலேயே முகம் வெளுத்தது.

'இந்த அறையில் மேசைமேல் உள்ள பதினோரு மாடல்களையும் செய்தது நான். யார் யார் வாங்கினார்கள் என்று கீழே எழுதியிருக்கிறேன். மேசைக்குக் கீழே உள்ள ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. அதை என் மகள் நிஷா செய்தாள். மன்னிக்கவும். இப்படிக்கு, சா. பரிமளா.'

கீழே பதினோரு பெயர். முதல் பெயர் வே. தணிகைவேல்.

"என்னங்க இது? இதைப் போய்... நான் கிழிச்சுடறேன்."

"தாராளமா கிழிங்க மிஸ். இன்னொண்ணு எழுதித் தரேன். எனக்கு எழுத்து நல்லா வரும்."

சுலோச்சனா ஓடினாள். கரஸ்பாண்டென்ட் குமரேசன் வந்தார், படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார். மற்றப் பெற்றோர் காதுக்கு இது போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"அந்தப் பாப்பா மாடலையும் வைங்க மிஸ். கடைசி மேசையில. ஓரமா."

மறுநாள் பாத்ரூம் பக்கத்துக் கடைசி மேசைக்கு நிஷாவின் ஊர் போய்ச் சேர்ந்தது. வாசலோரம் நின்ற பெற்றோர் கூட்டத்தில் பரிமளாவும் இருந்தாள். அவளைச் சுற்றி மட்டும் ஒரு முழம் இடம் விட்டு நின்றார்கள்.

வேதகிரி ரிப்பன் வெட்டினார். மகனின் மாடல் முன் மார்பை நிமிர்த்தி நின்றார். லைட் எல்லாம் ஜகஜ்ஜோதி.

"இது இன்னாடா, ஊஞ்சலு? நம்ம ஊர்ல ஏதுடா பார்க்கு?"

"தெர்ல நைனா. அம்மாதான் வெக்கச் சொன்னாங்க."

சிரிப்பு எழுந்தது. மோகனா மட்டும் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசி மேசையில் நின்றார். குமரேசன் "டீ ரெடியா இருக்கு சார்" என்று இழுத்துப் பார்த்தார். அதற்குள் நிஷா சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

"அட, சூப்பரா கீதே! ஆமா, இந்தப் பக்கம் ஏன் பாப்பா எரியல? ஒயர் கட்டாயிடுச்சா?"

"கட் ஆவல சார். அது எங்க தெருவு. அங்க லைட்டு கெடையாது."

"ஏன்?"

"நீங்கதானே சார் பிரசிடென்ட்டு? நீங்கதான் போடணும்."

கூடத்தில் யாரோ இருமினார்கள். படம் எடுத்துக்கொண்டிருந்த செல்போன்கள் அந்தரத்தில் நின்றன. வேதகிரியின் சிரிப்பு உதட்டில் அப்படியே காய்ந்தது. "நல்லா பேசுது. யாரு பொண்ணு?" என்றார். குமரேசன் காதோடு காதாக ஏதோ சொன்னார். அதன் பிறகு வேதகிரி டீ குடிக்கப் போய்விட்டார்.

பரிசு கொடுத்தார்கள். 'சொந்த முயற்சிக்கும் கற்பனைத் திறனுக்கும்' முதல் பரிசு தணிகைவேலுக்கு. நிஷாவுக்குக் கலந்துகொண்டதற்கான சான்றிதழ். அதன் ஓரத்தில் சுலோச்சனா மிஸ் சிவப்பு மையில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்: 'மாடல் பாதிதான் வேலை செய்கிறது.'

நிஷா வேன் இறங்கி நடக்கிற கால்வாய்க் கரையில் இன்றுவரை கம்பம்தான் நிற்கிறது. லைட் வரவில்லை. ஸ்கூலிலிருந்து சர்க்குலர்தான் வந்தது: 'அடுத்த ப்ராஜெக்ட்: செவ்வாய் கிரகத்தில் ஓர் ஊர். உள்ளூர் சம்பந்தப்பட்ட மாடல்கள் இனி ஏற்கப்பட மாட்டாது.'

பதினோரு வீடுகளிலிருந்தும் இரண்டு வாரம் போன் இல்லை. பரிமளா பூக் கட்டினாள், நாற்று நட ஆள் கூப்பிட்ட இடத்துக்குப் போனாள். மூன்றாவது வாரம், சனிக்கிழமை காலை, போன் அடித்தது. திரையில் மோகனாவின் பெயர். வாலாஜாபாத் கடைகளிலெல்லாம் அலைந்து பார்த்து, வெட்டத் தெரிந்த கை ஒன்றுகூடக் கிடைக்காமல், கடைசியில் இங்கேதான் வந்து நின்றிருக்கிறாள்.

"பரிமளா... நடந்தத மனசுல வெச்சிக்காத. தணிகைக்கு அந்தச் செவ்வா கிரகம் ஒண்ணு செஞ்சு குடேன். செவ்வாக்கெழமைக்குள்ள வேணும்."

பரிமளா ஜன்னல் விளிம்பைப் பார்த்தாள். அன்றைக்குப் பேர்த்து எடுத்த எட்டு வீடும் அங்கே வரிசையாக நின்றன. நிஷா ஒயர் கொடுத்து வைத்திருந்தாள். சின்னச் சின்னதாய் எரிந்துகொண்டிருந்தன.

"செய்றேன்மா. ஆனா அங்கியும் எட்டு வூடு வரும்."

பரிமளா கடைசி வீட்டின் ஒயரை விரலால் நேராக்கினாள்.

"வேணாம்னா, பேத்து எடுக்க என்னக் கூப்புடாதீங்க. கட்டரு ஒண்ணு வாங்கி நீங்களே வெச்சிக்குங்க."