அடைத்த மடை

என் வேலையைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கொத்தனார் அருள்பாண்டி கட்டினால் கட்டினதுதான் என்று ஆனையூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தத் திமிரோடுதான் என் தங்கச்சி நாகஜோதிக்கும் நானே வீடு கட்டினேன்.

அப்போது மூன்று வருடமாக மழை இல்லை. கண்மாய் காய்ந்து பொட்டலாகி, அதற்குள்ளேயே பிளாட் போட்டுவிட்டார்கள். பிளான் வரைந்த இன்ஜினியர் ஹரிஷ்குமார் சார் ராஜஸ்தான் வரைக்கும் போய்ப் படித்துவிட்டு வந்தவர்.

"இனிமே மதுரையும் பாலைவனந்தான், அருள்பாண்டி. அதுக்குத் தக்கன கட்டணும்" என்றார்.

அவர் சொன்னபடியே தரையை மூன்றடி பள்ளத்தில் இறக்கினோம். செங்கல் கிடையாது, கண்மாய் மண்ணையே மிதித்து, அச்சில் அழுத்தி, வெயிலில் காயவைத்த கல். சித்திரை வெயிலிலும் வீட்டுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது மண்வெட்டிக்கு மண்வெட்டி நத்தை ஓடாக வந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு வாரித் தள்ளினேன்.

குடிவந்த மறுமாசமே நாகஜோதி என்னிடம் ஓடிவந்தாள். கண்மாய்க் கரைக்கு அடியில் தண்ணீர் வெளியேறும் பழைய கல் மடை ஒன்று உண்டு. அதற்குள்ளிருந்து பாம்பு வருகிறதாம்.

"பச்சப்புள்ளையத் தரையில போட முடியலண்ணே. எம்புட்டு நீளம் தெரியுமா?"

"அம்புட்டுத்தானே? நாளைக்கே அடைச்சு விடுறேன்."

"மடைய அடைக்கிறது பாவம்பாகளேண்ணே. பூராத்தையுமா அடைக்கணும்? கம்பி வலை போட்டாப் போதாதா?"

"தண்ணியே இல்லாத மடைக்கு என்னடி பாவம்? போய் சோத்தப் போடு."

மறுநாள் மடையின் உள்வாயிலிருந்து வெளிவாய் வரைக்கும் கம்பி கட்டி, ஜல்லி கனமாகப் போட்டு, கான்கிரீட்டால் அடைத்தேன். ஒரு வாரம் சாக்குப் போட்டு நனைத்தேன். "ஆனை மிதிச்சாலும் அசையாது" என்று அவளிடம் பீற்றிக்கொண்டேன். மடைமேல் கிடந்த பலகைக்கல்லைப் பெயர்த்து அவள் வீட்டு வாசல்படியாகப் போட்டேன். அன்றைக்குத்தான் பயமில்லாமல் தூங்கினேன் என்று அவள் சொன்னாள்.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் நாள் காலனியே வெளியே வந்து நனைந்தது. மூன்றாம் நாள் நாகஜோதி போன் செய்தாள்.

"அடுப்படித் தரை சொதசொதங்குதுண்ணே. மேல கூரை ஒழுகல. கீழ இருந்து ஊறுது."

"சரியாயிரும், இரு. வாரேன்."

மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது, தூர்ந்துபோனது என்று நாங்கள் நினைத்த வரத்துக் கால்வாய் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கண்மாய்க்கு வழி மறக்கவில்லை. காலனி ரோட்டுக்காகக் கலுங்கையும் மேடாக்கியிருந்தார்கள், உபரித் தண்ணீர் வழிந்தோட ஓர் இடம் இல்லை. பள்ளத்து வீடுகள் ஜன்னல் வரைக்கும் முழுகிவிட்டன. நாகஜோதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் நின்றாள். கரைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் இரண்டாள் ஆழம். எனக்கு நீச்சல் தெரியாது. ஹரிஷ்குமார் சார் தீயணைப்பு வண்டியைக் கூட்டிவர ஓடியிருந்தார்.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு கரைக்கு வெளிப்பக்கம் இறங்கி மடை வாயில் குத்தினேன். டங்கென்று கை அதிர்ந்தது. மறுபடியும் குத்தினேன். உள்ளங்கை கிழிந்து பிடி வழுக்கியது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம். நான் தங்கச்சி தலையில் போட்டிருக்கிறேன்.

கரைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் கேட்டது.

"அண்ணே, சுவரு கரையுதுண்ணே. வீடு அசையுது."

"இந்தா, உடைச்சிட்டேன் தாயி. பிள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்க."

பொய்தான் சொன்னேன். கடப்பாரை முனை மழுங்கிவிட்டது. கான்கிரீட்டில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. குத்திக்கொண்டே அவளைக் கூப்பிட்டேன். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது பதில் வரவில்லை.