மூடி திறக்காத சோடா

"அம்மாவ இன்னும் குளிப்பாட்டக்கூட இல்ல. அதுக்குள்ள ஒனக்கு சோடா பெரிசாப் போச்சா?"

விஜயகலா தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். லயத்து வரிசை வீட்டின் ஒற்றையறைக் காம்பராவுக்குள் அம்மா வெள்ளையம்மாவின் உடலைச் சுவரோரம் கிடத்தியிருந்தார்கள். தம்பி சுமன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"தோட்டத் தலைவர் ஏழுமலை வீட்டோட வாறாராம்க்கா. மேல் லயத்துக்காரங்களுக்கு என்னாத்தக் குடுக்கிறது?"

"தேத்தண்ணி குடு."

"தெரியாத மாதிரி பேசாத."

அவளுக்குத் தெரியும். ஒரே மலையில் ரப்பர் பால் வெட்டினாலும், மேல் லயத்தவர்கள் கீழ் லயத்து வீடுகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மூடி திறக்காத சோடாவுக்கு மட்டும் தடையில்லை. கடையிலிருந்து வரும் போத்தலில் சாதி ஒட்டாது என்று எப்போதோ யாரோ தீர்த்து வைத்திருந்தார்கள். ஒன்றும் குடிக்காமல் எழுந்து போனாலோ, துக்கத்தில் பங்கெடுத்ததாக ஆகாது. அந்த அவமானத்தோடு அம்மாவை அனுப்பச் சுமனுக்கு மனமில்லை.

அவளே கடைக்கு இறங்கினாள். கடைக்காரர் கபூர் நானா விஷயம் கேட்டு உச்சுக்கொட்டினார். பிறகு சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"வெறும் போத்தல் கொண்டு வந்தா அதுக்குப் பதிலா புதுசு தருவன். ஒங்கக்கிட்ட இல்லயே புள்ள. அப்ப போத்தலுக்கும் பெட்டிக்கும் சேத்து டிப்போசிட் வெக்கணும். ஒடையாமக் கொண்டு வந்து தந்தா சல்லிய அப்படியே திருப்பித் தாறன். கம்பனிக்காரன் எனக்கும் அப்படித்தான் செய்றான்."

அம்மாவுக்குக் கோடிச் சேலை எடுக்க முடிந்து வைத்திருந்த பணத்தை அவள் மேசையில் வைத்தாள். அது திரும்பி வரும்தான். வரும்போது அம்மா மண்ணுக்குள் இருப்பாள்.

பழைய சேலையிலேயே வெள்ளையம்மாவைப் படுக்கவைத்தார்கள். ஓரம் நைந்த நீலச் சேலை. பொழுது ஏறியதும் மேல் லயத்தவர்கள் வந்தார்கள். ஏழுமலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி அழகம்மா உள்ளே வந்து, பிணத்தைத் தொடாமல், ஆனால் உண்மையாகவே அழுதாள். அவளும் வெள்ளையம்மாவும் பல வருடம் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர்கள்.

சுமன் போத்தல்களை அவர்கள் கண் முன்னாலேயே திறந்து நீட்டினான். யாரும் மறுக்கவில்லை.

"வெள்ளையம்மா மாதிரி சுத்தக்காரிய இந்தத் தோட்டத்துலயே பாக்க ஏலாது கலா," என்றாள் அழகம்மா, ஒரு மிடறு குடித்துவிட்டு. "அவ கை பட்டா எதுவும் பளபளன்னு இருக்கும்."

விஜயகலா அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். கபூர் நானாவின் கடைக்குச் சோடா அனுப்பும் ருவான்வெல்லைக் கம்பனியின் கொதிதண்ணீரிலும் கழுவும் காரத்திலும் ஊறி வெளுத்த விரல்கள். காலையில் பால் வெட்டிவிட்டு மத்தியானம் அங்கே போய்விடுவாள். கடைகளிலிருந்து திரும்பி வரும் வெறும் போத்தல்களுக்குள் தூரிகையை விட்டுத் தேய்த்து, வாய்ப்பக்கத்தை விரலால் சுற்றித் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள்.

"ஆமாங்க," என்றாள் விஜயகலா. "இப்ப நீங்க வாய் வச்சிருக்கிற போத்தலும் எங்கம்மா கழுவினதுதான்."

அழகம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

"மிசின்ல கழுவுறதில்லயா?"

"பெரிய கம்பனியிலதாங்க மிசின். இங்க எங்கம்மாதான்."

வெளியே ஏழுமலை தொண்டையைச் செருமினார். ஒவ்வொன்றாகப் போத்தல்கள் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. சவம் எடுக்கும்வரை மேல் லயத்தவர் எவரும் இருக்கவில்லை.

"மானத்த வாங்கிட்டியே அக்கா," என்று சுமன் அழுதான். அவள் மிச்சச் சோடாவை வடிகானில் ஊற்றி, போத்தல்களைக் கழுவிப் பெட்டியில் அடுக்கினாள்.

மறுநாள் கபூர் நானா பணத்தைக் குறைக்காமல் திருப்பிக் கொடுத்தார். இனி அதில் யாருக்குச் சேலை எடுப்பது?

"மேல் லயத்தாக்கள் இப்ப பிளாஸ்டிக் போத்தல்தான் கேக்குறாங்க," என்றார் அவர். "ஆரும் கழுவாததுதான் வேணுமாம். என்ன மனுசரோ!"

பதினாறாம் நாள் மேல் லயத்திலிருந்து அழகம்மா மட்டும் வந்தாள். பையில் பிளாஸ்டிக் போத்தல் சோடா இருந்தது. விஜயகலா தேத்தண்ணி ஊற்றி அவள் முன்னால் வைத்தாள்.

"எனக்கு வேணாம் புள்ள. இந்தா, கொண்டாந்திருக்கேன்."

"இருக்கட்டுங்க. வந்தவங்களுக்கு வைக்கணும்ல."

அழகம்மா தன் சோடாவைக் குடித்தபடி வெள்ளையம்மாவைப் பற்றிப் பேசினாள், அழுதாள். தனக்கு அட்டைக்கடியில் கால் வீங்கிய நாளில் தன் பால் வாளியையும் வெள்ளையம்மாவே சேர்த்துச் சுமந்ததைச் சொன்னாள். தேத்தண்ணியின் மேல் ஆடை படிந்தது. அவள் பார்வை இரண்டொரு தடவை அதன்மேல் போய்த் திரும்பியது. கை போகவில்லை.

எழுந்தபோது பழக்கத்தில் காலிப் போத்தலை விஜயகலாவிடம் நீட்டினாள்.

"இத எங்கயாச்சும் போட்டுடு புள்ள."

விஜயகலா கையை நீட்டவில்லை.

"கண்ணாடின்னா கழுவி வைப்பேங்க. இத எந்தக் கடையிலயும் திருப்பி எடுக்க மாட்டாங்க. நீங்களே கொண்டு போங்க."

அழகம்மா அந்த வெறும் போத்தலை என்ன செய்வதென்று தெரியாமல், கையில் பிடித்தபடியே மேல் லயத்துப் படிகளில் ஏறினாள்.