பன்னிரண்டாவது வீடு

அந்த ரியல் எஸ்டேட் கம்பெனி முதலாளிக்கு அலுவலகத்தில் எல்லோரும் வைத்திருந்த பெயர் சதுரடி. மனுஷன் எதையும் சதுரடியில்தான் சொல்வார். வெப்சைட் செய்து தர வந்தவளிடம் முதல் நாளே, லோகோ இன்னும் இரண்டு சதுரடி பெரிதாக இருக்கட்டும் என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். ஆறு வாரமும் அப்படித்தான் போனது. இன்றைக்கு நீலம் வேண்டும் என்பார், நாளைக்கு நீலம் ஆகவே ஆகாது என்பார். வாய் ஓயாமல் யோசனை சொன்னவர், வீடுகளின் படங்களை மட்டும் இதோ அதோ என்று இழுத்தடித்தார்.

படமில்லாமல் பக்கத்தை எப்படிச் சரிபார்ப்பது? பதினோரு பக்கங்களில் வெறும் சாம்பல் கட்டங்களைப் போட்டு, ‘மாதிரி’ என்று தலைப்பு வைத்தாள். பன்னிரண்டாவதற்கு நிஜப் படம் தேவைப்பட்டது. வரைபடத்தில் புள்ளி சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்க நிஜ முகவரியும் வேண்டும். கைக்கெட்டிய வீடு ஒன்றுதான். தான் அப்பாவோடு குடியிருக்கும் வாடகை வீட்டையே படமெடுத்து ஏற்றினாள். ‘வெளிச்சமான இரண்டு படுக்கையறை வீடு’ என்று தலைப்பும் கொடுத்தாள்.

படத்தில் வீடு மனதை அள்ளியது. அதற்குக் காரணம் அப்பா. அவருக்குப் பார்வை போய் நான்கு வருடம். வாசலிலிருந்து அடுப்புக்குப் பதினான்கு காலடி, அடுப்புக்கு இடது கைப்பக்கம் டீத்தூள், அதையடுத்துச் சர்க்கரை. நாற்காலி கொஞ்சம் நகர்ந்தாலும் அவர் முழங்கால் மாட்டிக்கொள்ளும் என்பதால், அந்த வீட்டில் ஒரு சாமானும் இடம் மாறாது, வேண்டாதது எதுவும் தரையில் கிடக்காது. பகல் முழுக்க அவர் தனியாகச் சமாளிப்பார். மாலையில் அவள் வரும் நேரத்துக்கு இருவருக்கும் அவரே டீ போட்டு வைப்பார். இந்த வீட்டை விட்டால் அவர் ஒவ்வொன்றுக்கும் இன்னொருவர் கையைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, இன்றைக்கே வெளியிட்டாக வேண்டும், கூட்டாளிகளிடம் வாயை விட்டுவிட்டேன் என்று சதுரடி தலைமேல் வந்து நின்றார். நிஜ வீடுகள் நாற்பதின் படங்களும் அப்போதுதான் வந்து சேர்ந்தன. அவற்றை அவசர அவசரமாக ஏற்றியவள், ‘மாதிரி’ என்று தேடி, வந்ததையெல்லாம் ஒரே அழுத்தில் அழித்தாள். பன்னிரண்டாவதன் தலைப்பில் அந்தச் சொல் இல்லை. நாற்பத்தோரு வீடுகள் விற்பனைக்கு வந்தன. அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை மாலை அப்பா வாசலிலேயே காத்திருந்தார். ஒரு புருஷன் பெண்டாட்டி கம்பெனி ஆளோடு வந்தார்களாம், வெப்சைட்டில் பார்த்தோம் என்றார்களாம். மகள் செய்த வெப்சைட் ஆயிற்றே, அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ வேலை விஷயமாக அவள்தான் அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

“ஒவ்வொரு ரூமா நானே கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். எனக்குக் கண்ணு தெரியாதுன்னு கிளம்பற வரைக்கும் அவங்களுக்குத் தெரியவே இல்லம்மா.”

பன்னிரண்டாவது பக்கத்தை அழிக்காமல் விட்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நின்ற நிலையிலேயே போனை எடுத்து அந்தப் பக்கத்தை அழித்தாள்.

மறுநாள் சதுரடி வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். கம்பெனி ஆள் அக்கம்பக்கத்தில் விசாரித்து வீட்டுக்காரரைப் பிடித்துவிட்டான், அவரும் சரி என்றுவிட்டார், வெப்சைட் வழியாக விற்கும் முதல் வீடு இதுதான் என்றார். அவள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அப்பாவைப் பற்றியும் சொன்னாள். மனுஷன் கெட்டவர் இல்லை. அவள் முன்னாலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, தவறு எங்கள் பக்கம், விட்டுவிடுங்கள் என்று இரண்டு தடவை கேட்டார். ரொம்ப நாளாக விற்க நினைத்த வீடு, தானாக வந்ததை விட முடியாது, இரண்டு மாதத்தில் காலி செய்யட்டும் என்று வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டார்.

சதுரடி மேஜையைப் பார்த்தபடி, அந்தப் பக்கத்தைத் திரும்பப் போட்டு ‘விற்கப்பட்டது’ என்று ஒரு சிவப்புப் பட்டை ஒட்ட முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். வேலை வேலைதானே. தன் சமையலறைப் படத்தின் குறுக்கே அவளே பட்டையை ஒட்டினாள். கண் கலங்கியதில் அது கோணலாக விழுந்தது. சரிசெய்துவிட்டுக் கிளம்பினாள்.

அன்று மாலை அப்பாவிடம் எல்லாம் சொன்னாள். தப்பு என்னுடையதுதான் என்றாள். அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“காட்டினது நான்தானேம்மா,” என்றார் கடைசியில். பிறகு, “இன்னிக்கு டீ நீயே போட்டுடு. நான் இப்படியே உக்காந்திருக்கேன்.”

நான்கு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை. அவள் சமையலறைக்குப் போய், அடுப்புக்கு இடது கைப்பக்கம் இருந்த டீத்தூளை எடுத்தாள். போட்டு முடித்ததும் அதை அதே இடத்தில் வைத்தாள்.