பதினேழாம் நம்பர் வண்டியின் எர்த்

தசைன் பண்டிகைக்குப் பதினாறு நாள் முன்பு, திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு, பிர்கா பகதூர் சுப்பா தன் பழைய ஜீப்பின் சாவியைத் திருப்பினார். எஞ்சின் கிளம்பவில்லை, நாலு வீடு தள்ளி ஜுன்கிரியின் தையல் மிஷின் கிளம்பியது. மிதியில் யாரும் கால் வைக்காமலே அது ஒரு சட்டைக் கையை முழுசாகத் தைத்து, நூலையும் அறுத்துவிட்டு நின்றது. தையல் நேராக இருந்ததை ஜுன்கிரியே ஒப்புக்கொண்டாள்.

மானேபஞ்சாங் என்ற அந்த மலையூரில் சோற்றுப் பானை வைப்பதென்றாலும் ஒரு பக்கம் கல் கொடுத்துத்தான் வைக்க வேண்டும். அப்படிப்பட்ட சரிவில், சந்தக்பூ மலைக்கு ஏறும் நாற்பத்தொரு பழைய ஜீப்புகளையும் யாரும் சாவியால் கிளப்புவதில்லை. பிரேக்கை விட்டு, உருளவிட்டு, கிளட்சை விட்டால் எஞ்சின் தானே பிடித்துக்கொள்ளும். அதனால் பதினேழாம் நம்பரின் ஸ்டார்ட்டர் எந்த வருஷத்திலிருந்து வேலை செய்யவில்லை என்பது பிர்காவுக்கே தெரியாது. அந்த வருஷம் வண்டிச் சங்கம் ஒரு விதி போட்டது. ஊரில் தட்டையாக இருக்கும் ஒரே இடமான பள்ளிக்கூட மைதானத்தில், வரும் சனிக்கிழமை, தள்ளாமல் உருட்டாமல் சாவியால் வண்டி கிளம்ப வேண்டும். கிளம்பாத வண்டியின் நம்பர், காத்திருக்கும் புது வண்டிக்குப் போய்விடும். நம்பர் போனால் பிர்காவுக்கு மலைப்பாதை போயிற்று. ஐம்பத்தாறு வயதில் அவருக்கு வேறு தொழில் தெரியாது, கற்றுக்கொள்ளப் பொறுமையும் கிடையாது. அண்ணன் முறையில் ஊரே அவரைத் தாஜு என்றுதான் கூப்பிடும். "என்ன தாஜு, இனிமே தையக்கடையா?" என்று ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் கேட்டார்கள்.

வயரிங் வேலை பார்க்கும் பேமா ஷெர்பா செவ்வாய்க்கிழமை வந்தாள். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னாள். வெளிச்சம் செத்துப்போனால் பாட்டரியில் தெம்பில்லை என்று அர்த்தம். வெளிச்சம் அசையவில்லை. சந்தையில் கூடைக்குள் இருந்த பதினொரு கோழிகளும் ஒரே நேரத்தில் முட்டையிட்டன, அவற்றில் மூன்று சேவல். "பாட்டரி நல்லாத்தான் இருக்கு தாஜு. சேவலையே முட்டை போட வச்சிருக்கு பாருங்க" என்றாள் பேமா. புதன்கிழமை பாட்டரி முனைகளைச் சோடா உப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, இறுக்கி முடுக்கினாள். சாவியைத் திருப்பியதும் புத்த மடத்தில் மந்திரம் எழுதிச் சுற்றிவிடும் பெரிய மணிச்சக்கரம் அடுத்த ஞாயிறு வரைக்குமான பிரார்த்தனையை ஒரே நிமிஷத்தில் சுற்றி முடித்தது. லாமாக்கள் அதுவரை விடுமுறை எடுத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை வண்டிக்கு அடியில் புகுந்து, சொலினாய்டு சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்து, கரண்டை நேராக ஸ்டார்ட்டருக்கு அனுப்பினாள். முழங்கால் வலியால் எட்டு மாதமாக எழுந்திருக்காத மோமோ கடை தாவா எழுந்து, மனைவியின் சேலையைச் சுற்றிக்கொண்டு, ஆண்கள் பெண் வேஷத்தில் ஆடும் மாருனி ஆட்டம் ஆடினார். கடைக்கு அன்று நல்ல கூட்டம்.

வெள்ளிக்கிழமை மீட்டரின் ஒரு கம்பியைப் பாட்டரியிலும் மற்றதை எஞ்சினிலும் வைத்துப் பார்த்துவிட்டு பேமா சிரித்தாள். "கரண்ட் ஒழுங்காப் போகுது தாஜு. திரும்பி வரத்தான் வழி இல்ல. வீட்டுக்கு வழி தெரியாம ஊரெல்லாம் சுத்துது." கரண்ட் திரும்பி வருவதற்காக எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையைப் பிடித்துக்கொண்டே போனால், போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று விரல் கனத்துக்குச் சிவப்பாக ஒரு கல். தசைனுக்கு வீட்டு ஆட்களுக்கு வைக்கிற டீக்காவைப் பிர்கா வீட்டில் வண்டிக்கும் வைப்பார்கள்: தயிர், அரிசி, செந்தூரம். அந்தப் போல்ட் இருக்கும் இடம்தான் வண்டிக்கு நெற்றி என்று அவருடைய அம்மா முடிவு செய்திருந்தார். நெற்றியை மூடியிருக்கும் பட்டையைக் கழற்றி, டீக்கா வைத்து, அதன்மேல் மறுபடி முடுக்குவதுதான் மரியாதை. முப்பத்தோரு வருஷ மரியாதை அங்கே இறுகிக் கிடந்தது.

"சுரண்டி எடுத்தா ரெண்டு நிமிஷ வேலை."

"ஆசீர்வாதத்தைச் சுரண்டறதா? உன் நெத்தியச் சுரண்டினா நீ சும்மா இருப்பியா, பைனி?" என்று தங்கை முறை வைத்துக் கேட்டார் பிர்கா.

"என் நெத்தி வழியா கரண்ட் போகல தாஜு."

பிர்கா வண்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நம்பர் போனால் போகட்டும் என்றார். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். வாதாடிப் பயனில்லை என்று பேமா, பாட்டரிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தனியாக ஒரு தடித்த வயரைக் கவ்வவிட்டுப் பார்த்தாள். கரண்ட் அதைச் சீண்டவே இல்லை. நாலு நாளாக டீயும் பேச்சும் உள்ள வீடுகளில் புகுந்து பழகிய கரண்டுக்கு வெறும் வயர் பிடிக்கவில்லை என்பது பேமாவுக்கு விளங்கிவிட்டது. அது போய்வந்த இடங்களின் ஆட்களை அவளே போய்க் கூப்பிட்டாள்.

சனிக்கிழமை, வண்டியை மாடு கட்டி இழுத்து மைதானத்தில் நிறுத்தினார்கள். ஜுன்கிரி ஒரு கையைப் பாட்டரி முனையில் வைத்தாள். அவள் மறு கையைப் பெரிய லாமா பிடித்தார், அவர் கையைக் கோழிக்காரன், அவன் கையைத் தாவா, தாவா கையைப் பேமா. பேமா எஞ்சினில் கை வைத்தாள்.

"இது தள்ளறதுல சேருமே" என்றார் சங்கச் செயலாளர் ஹர்க்கமான்.

"யாரு தள்றா? கையப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறோம்" என்றாள் ஜுன்கிரி. "உங்க புத்தகத்துல கையப் பிடிக்கக் கூடாதுன்னு இருக்கா?"

ஹர்க்கமான் விதிப் புத்தகத்தைப் பின்னட்டை வரை புரட்டினார். இல்லை.

பிர்கா கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார். ஐந்து பேரின் தலைமுடியும் குத்திட்டது, பெரிய லாமாவுக்கு முடி இல்லாததால் புருவம். யாரோ அக்குளில் விரல் விட்டதுபோல ஐந்து பேரும் கெக்கலித்தார்கள். எஞ்சின் ஒருமுறை இருமி, பிடித்துக்கொண்டது. மகிழ்ச்சியில் பிர்கா ஆக்சிலரேட்டரை அழுத்த, கை கோத்த ஐவரும் தரையிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பினார்கள். அவர் காலை எடுத்ததும் இறங்கினார்கள். 'எண் 17, சாவியால் கிளம்பியது' என்று எழுதிய ஹர்க்கமான், பதினெட்டாம் நம்பரைக் கூப்பிட்டார்.

இப்போது பதினாலு வருஷமாகப் பதினேழாம் நம்பரின் முதல் சவாரி இப்படித்தான் கிளம்புகிறது. ஏழு மணிக்கு ஐவரும் ஸ்டாண்டுக்கு வந்து கை கோத்து, ஒரு சாண் எழும்பி, இறங்கி, அவரவர் கடையைத் திறக்கப் போகிறார்கள். யாருக்காவது வெளியூர் போகிற வேலை இருந்தால் முந்தின நாளே சொல்லிவிட்டு, பதிலுக்கு ஒரு ஆளை அனுப்புகிறார்கள், கழன்று விழாதபடி செருப்பை வார் போட்டு மாட்டிக்கொண்டு வரச் சொல்லி.