பதில் வராத ஞாயிறு

பதுருன்னிசாவுக்குப் பேச்சைவிட மௌனம்தான் நன்றாகக் கைவரும். செண்பகனூர் ஆலோசனை நிலையத்தில் இதை அறியாதவர்கள் கிடையாது. புருஷனிடம் அடிபட்டு வருகிற ஒருத்தி எதிரே உட்கார்ந்து அழத் தொடங்கினால், மற்ற ஆலோசகர்கள் ஏதாவது ஆறுதல் சொல்லித் தொலைப்பார்கள். இவள் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். வாயே திறக்கமாட்டாள். அழுது ஓய்ந்த பிறகு டீ வரும், அதற்கப்புறம்தான் பேச்சு. சாவு விழுந்த மௌத்து வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் மரியாதை என்று பார்த்து வளர்ந்தவள். தன் புருஷன் இறந்தபோது வந்தவர்கள் பேசியதெல்லாம் எரிச்சலாக இருந்ததும், பேசாமல் பக்கத்தில் இருந்த ஒருத்தியால்தான் மூச்சு விட முடிந்ததும் அவளுக்கு மறக்கவில்லை.

அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தில் நிலையத்துக்கு ஒரு புதுத் திட்டம் வந்தது. நேரில் வர வெட்கப்படுகிறவர்கள் ஈமெயிலில் எழுதலாம், ஆலோசகர் ஈமெயிலிலேயே பதில் எழுதுவார். பேர், ஊர் கேட்கக் கூடாது, தேடிப் போகவும் கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்கச் சென்னையில் படித்துவிட்டு வந்திருந்த கலைமணி, பதுருன்னிசாவைவிட ரொம்பச் சின்னவள். சொல்லிக்கொடுப்பவள் அக்கா என்று கூப்பிட, கற்றுக்கொள்பவள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பயிற்சிக்காகக் கொடுத்த முதல் கடிதத்துக்குப் பதுருன்னிசா எழுதிய பதில் ஒரே வரி. ‘அழுங்க, நான் பக்கத்துல இருக்கேன்.’

கலைமணி அதைப் படித்துவிட்டுக் கேட்டாள். “நீங்க பக்கத்துல இருக்கறது அவங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“அதான் எழுதியிருக்கேன்ல.”

“பத்தாதுக்கா. நேர்ல உங்க மூஞ்சி பேசுது, கை பேசுது. இங்க எழுத்து மட்டுந்தான் இருக்கு. அவங்க சொன்னதுல எது உங்களுக்குக் கேட்டுச்சோ, அதத் திருப்பிச் சொல்லுங்க.”

பதுருன்னிசா தலையாட்டினாள். மண்டையில் ஏறியது, கையில் இறங்கவில்லை.

நிலையத்தின் நோட்டீஸ் ஒன்றைக் மலையூரான கோடையின் பஜாரில் தன் பிரவுசிங் சென்டர் கதவில் ஒட்டியிருந்தான் அவளுடைய தம்பி சேக் பரீது. அதைப் பார்த்துத்தான் ஒரு பெண் எழுத ஆரம்பித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் சந்தைக்கு வரும்போது எழுதுவாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து, கீழே ‘மலையிலிருந்து ஒருத்தி’ என்று போடுவாள். திங்கட்கிழமை காலையில் பதுருன்னிசா அதைப் படிப்பாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மலையிலிருந்து ஒருத்திக்கு அந்த ஒரு நாள்தான் வாசல் திறக்கும்.

தோட்ட வேலை, குளிர், லயத்து வீட்டு ஒழுகல் என்றுதான் முதலில் எழுதினாள். அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களாம். ஒரு மகள், பள்ளிக்கூடம் போகிறாள். பிறகு ஒரு வாரம், போகிற போக்கில் சொல்வதுபோல, மகளுக்கு அடுத்துப் பிறந்த சின்னவன் போன வருஷம் தோட்டத்துத் தண்ணிக் குழியில் விழுந்து செத்துப்போனான் என்று எழுதினாள். வீட்டில் அவன் பேச்சையே யாரும் எடுப்பதில்லை, புருஷன் அவன் சட்டையைக்கூட எரித்துவிட்டான் என்றாள்.

பதுருன்னிசா திணறித் திணறிப் பதில் எழுதினாள். கலைமணி திருத்தினாள். மெல்ல மெல்ல அந்தப் பெண் பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள்.

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் இந்தக் கடிதம் வந்தது:

‘சின்னவன் குழிப் பக்கம் நடந்து போனத நான் பார்த்தேன். இந்தக் காரட் மூட்டையக் கட்டிட்டு எந்திரிப்போம்னு நெனச்சேன். கட்டி முடிச்சேன். அவ்வளவுதான். நான் பார்க்கலன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், அவருகிட்டயும். அவரு மூஞ்சியப் பார்த்துச் சோறு போட முடியல. சொல்லிடவா? சொன்னா என்ன ஆவும்னு தெரியல. நீங்க சொல்லுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பார்க்குறேன். அது வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்.’

படித்துவிட்டுப் பதுருன்னிசா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கலைமணி அந்த வாரம் மதுரைக்குப் போயிருந்தாள். பதுருன்னிசா பதில் எழுத உட்கார்ந்தாள். ‘உங்க மேல தப்பில்ல’ என்று அடித்தாள். பச்சைப் பொய்யாகத் தோன்றியது, அழித்தாள். ‘அல்லா’ என்று அடித்தாள். அதையும் அழித்தாள். இப்படி ஒன்றைச் சொன்னவளிடம் உடனே வாயைத் திறக்கிறவள் மனுஷியா? கொஞ்ச நாள் போகட்டும், அவள் அழுது தீர்க்கட்டும் என்று நினைத்தாள். எத்தனையோ பேருக்குச் செய்ததைத்தான் இவளுக்கும் செய்தாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அந்த வாரம் பூராவும் தொழுகையில் அவளை நினைத்துக்கொண்டாள். கடைக்குப் போனாலும் அவள் நினைப்பு, சோறு வடித்தாலும் அவள் நினைப்பு.

அடிப் பாவி, ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா என்று நமக்குக் கோபம் வருகிறது. எனக்கும் வருகிறது. ஆனால் அவள் சோம்பிக் கிடக்கவில்லை. முழு மனதோடு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் இருந்தவளுக்கு அது தெரிய வழியே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை ஈமெயிலில் இருந்தது இவ்வளவுதான்: ‘பதில் காணோம். வெளங்கிருச்சு. வணக்கம்.’

பதுருன்னிசா கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு எழுதினாள் பாருங்கள், ஒரு பக்கத்துக்கு மேல். யாரும் திருத்தத் தேவையில்லாமல் எழுதினாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து கடிதம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கடைக்கு வந்து ஈமெயில் எழுதுகிற பெண் யார் என்று தம்பியிடம் கேட்டாள். சேக் பரீதுக்கு ஆள் நினைவிருந்தது.

“கெளாவரை பஸ்ல வரும்க்கா அந்தப் பொண்ணு. திருமலைச்சாமி தோட்டத்துல வேலை, மகாராணின்னு பேரு. கடைசியா வந்தப்ப மெயிலத் தொறந்து தொறந்து மூடுச்சு. அப்புறம் ‘பொட்டி ரிப்பேராங்க’ன்னு கேட்டுச்சு. ‘நல்லாத்தானே கெடக்கு’ன்னேன். ‘சரிங்க’ன்னு போயிருச்சு. அதுக்கப்புறம் ஆளக் காணோம்.”

மதுரையிலிருந்து திரும்பியிருந்த கலைமணி விஷயத்தைக் கேட்டு வெளிறிப்போனாள். ஆனாலும் தடுத்தாள். “போகக் கூடாதுக்கா. நாம அவங்களத் தேட மாட்டோம்னு நம்பித்தானே எழுதுனாங்க.”

“அந்த நம்பிக்கை போன மாசமே செத்துப்போச்சு தாயி. இன்னும் அதுக்கு என்ன காவல்?”

மறுநாள் மத்தியானம் கிளாவரை பஸ்ஸில் ஏறினாள். பூம்பாறை தாண்டி, மன்னவனூர் தாண்டி, ஒவ்வொரு வளைவிலும், உயிரோடு இருக்கட்டும் ரப்பே, உயிரோடு மட்டும் இருக்கட்டும் என்று அல்லாவிடம் கேட்டுக்கொண்டே போனாள்.

மகாராணி உயிரோடுதான் இருந்தாள். ஓடையோரத்தில் தனியாக உட்கார்ந்து காரட் கழுவிக்கொண்டிருந்தாள். கை இரண்டும் குளிரில் வெந்ததுபோல் சிவந்திருந்தன. அந்தத் தண்ணிக் குழியை இப்போது மண் போட்டு மூடிவிட்டிருந்தார்கள்.

“மகாராணி, ஒனக்குப் பதில் எழுதுறது நாந்தான்மா. செம்பகனூர்ல இருந்து வர்றேன்.”

மகாராணி நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“சொல்லிட்டேங்க,” என்றாள். “அன்னைக்குப் பஸ்ஸ விட்டு எறங்குன ஒடனே சொல்லிட்டேன். நீங்களே பேச்ச நிறுத்திட்டீங்க, இனி யாருக்கு மறைக்கிறதுன்னு தோணிருச்சு. அவரு அடிக்கலங்க. மூத்தவளக் கூட்டிக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டாரு. ‘ஒன்கிட்ட இன்னொரு புள்ளைய விட முடியாது’ன்னாரு. போய்ப் பார்த்தேன். புள்ள கதவுக்குப் பின்னால நின்னுச்சு. வெளிய வரல.”

பதுருன்னிசா ஈரத்திலேயே உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மகாராணி கையை உருவவில்லை. கொஞ்ச நேரம் விட்டுவைத்தாள்.

“நான் பேச்ச நிறுத்தலம்மா. ஒனக்காக அழுதுக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறமா எழுதினேன். நீ பார்க்கல.”

“என்ன எழுதியிருந்தீங்க?”

பதுருன்னிசாவுக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. “நீ மூட்டையக் கட்டுனது அந்தப் புள்ளைக்குச் சோறு போடத்தான். புள்ளைங்க நடந்து போறத தாய்க எல்லாரும்தான் பார்க்குறோம், மத்த புள்ளைங்க திரும்பி வந்துருது. ஒன் புள்ள வரல. இத நீ தனியாத் தூக்க வேணாம். அவருகிட்டத் தனியாப் போய்ச் சொல்லிராத. ரெண்டு பேரும் செம்பகனூருக்கு வாங்க. நான் பக்கத்துல இருக்கேன், அங்க வச்சுச் சொல்லுவோம். அதுவரைக்கும் வாரா வாரம் எனக்கு எழுது.”

மகாராணி முழுவதையும் கேட்டாள். கண்ணீர் வரவில்லை. கழுவிய காரட்டைக் கூடையில் எடுத்து வைத்தாள்.

“நல்லாருக்குங்க,” என்றாள். “இது அன்னைக்கு அந்தப் பொட்டியில இருந்திருந்தா, மூத்தவ இப்ப பள்ளிக்கொடம் விட்டு வீட்டுக்கு வர்ற நேரம்.”

பதுருன்னிசா மிச்சமிருந்த காரட் ஒன்றை எடுத்துக் கழுவிக் கூடையில் வைத்தாள்.

மகாராணி கூடையைத் தலைக்குத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “இந்த பஸ்ஸ விட்டா இன்னைக்கு வேற பஸ் இல்லீங்க. வெரசாப் போங்க.”