பூட்டுனாக

1

இந்தக் கதை என்னிடம் கதையாக வரவில்லை. திருத்தித் தர வேண்டிய ஒற்றை வாக்கியமாக வந்தது. நான் திருத்த மறுத்தேன். மறுப்புக்குக் காரணம் சொல்லத் தொடங்கியதில் இவ்வளவு நீண்டுவிட்டது.

தொடக்கத்துக்காக எழுதிப் பார்த்தவை:

‘சிவகாசியின் வானம் அன்று கருமருந்தின் நிறத்தில் —’ (அன்று வானம் வெளிறிய நீலம். நீக்கப்படுகிறது.)

‘வேல்விழி ஒரு புரட்சிக்காரி.’ (வேல்விழி ஒரு சந்துக்குள் பிரவுசிங் சென்டர் நடத்துபவள். பெயர்ப்பலகையில் ஓர் ஒற்றுப்பிழை இருப்பதைச் சுட்டிக்காட்டியபோது, “எழுதுனவன் துபாய்க்குப் போயிட்டான் சார்” என்றாள். நீக்கப்படுகிறது.)

‘2007ஆம் ஆண்டு, தீபாவளி சீசன்.’ (இதில் பிழையில்லை. நிற்கட்டும்.)

என்னைப் பற்றி ஒரு வரி போதும். காலண்டர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். இராகுகாலம் தவறாக அச்சானால் ஊருக்கே நேரம் கெட்டுவிடும் என்று அஞ்சும் முதலாளியிடம் வேலை.

2

வேல்விழி படம் எடுத்தாள். கேமரா இல்லாமல் எடுத்தாள் என்பதால் அதைச் சற்று விளக்க வேண்டும்.

அவளுடைய கடையின் கம்ப்யூட்டர்களை ஒரே கம்பியில் இணைத்திருந்தார்கள். பள்ளி விட்டதும் பையன்கள் வந்து, பாலைவனத்தில் பட்டாளத்தார் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் விளையாட்டை ஆடுவார்கள். காலையில் கடை காலி. அப்போது அவள் மூன்று கம்ப்யூட்டர்களில் மூன்று வீரர்களை வேண்டிய இடங்களில் நிறுத்துவாள். நான்காவதில் இருப்பவன் சுடமாட்டான், பார்ப்பான். அவன் பார்ப்பதெல்லாம் வீடியோவாகப் பதிவாகும். காசு கொடுக்காத மென்பொருள் ஆதலால் அரை நிமிடத்துக்கொருமுறை பதிவு தானாக நின்றுவிடும். துண்டுகளை ஒட்டி, மேலே குரல் சேர்த்தால் படம்.

(இதைக் கலை என்று அழைக்கலாமா என்று ஒரு பத்தி எழுதினேன். அவள் படித்துவிட்டு, “எனக்கு இது தேவையா சார்?” என்றாள். பத்தி இல்லை.)

படத்தின் பொருள் அவளுடைய அக்கா சொர்ணலட்சுமி. முந்தைய ஆண்டு சீசனில், அவள் வேலைபார்த்த பட்டாசுக் கம்பெனிக்குத் திடீரென்று அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். அனுமதித்த அளவைவிட ஆட்கள் அதிகம். அதிகப்படியான இரண்டு பெண்களை மருந்து அறைக்குள் அனுப்பி மறைத்தார்கள். (மருந்து: நோய்க்கு உரியதன்று, வெடிக்கு உரியது. எங்கள் ஊரில் இந்த வேறுபாட்டை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகருக்காக இந்த அடைப்புக்குறி.) உள்ளே தீப்பற்றியது. செல்லத்தாய் என்பவள் இறந்தாள். சொர்ணலட்சுமி முழங்கை வரை வெந்த கைகளோடு பிழைத்தாள்.

கம்பெனி சொன்ன காரணம்: சொர்ணலட்சுமி மருந்துத் தட்டைத் தரையில் இழுத்தாள், உராய்ந்தது, பற்றியது. அந்த அறையின் கதவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஊர் நம்பியது. செல்லத்தாயின் மகள் சினேகாவும் நம்பினாள். எதிரில் சொர்ணலட்சுமி வந்தால் தெருவின் மறுபுறம் போய்விடுவாள். படம் அந்த ஒருத்திக்காக எடுக்கப்பட்டது. ஊர் பார்த்தால் ஆட்சேபம் இல்லை.

3

எடுத்ததை அக்காவுக்கு முதன்முதலாகப் போட்டுக் காட்டியபோது, அந்தக் கடைக்கு வழக்கமாகப் போகிற நானும் இருந்தேன்.

“ஏட்டி, இதுல நான் எது?”

“தாடி வச்சவன்.”

“எனக்குத் தாடியா? செல்லத்தாயி?”

“தொப்பி போட்டவன். பொம்பள இந்த வெளையாட்டுலயே கெடையாதுக்கா.”

“சரி, கையில இருக்கிற துப்பாக்கியவாச்சும் கீழ வைக்கச் சொல்லு.”

“வைக்கிறதுக்குப் பட்டன் இல்ல.”

சொர்ணலட்சுமி சற்று யோசித்தாள். “அப்ப இருக்கட்டும். அன்னைக்கு இருந்திருந்தா உபயோகப்பட்டிருக்கும்.”

இன்னொரு குறை இருந்தது; கதை முழுவதும் அதில்தான் நிற்கிறது. அந்த விளையாட்டில் கதவுகள் பூட்டிக்கொள்வதில்லை. தொட்டால் திறக்கும். துப்பாக்கியில் அத்தனை வகைகளைச் செய்தவர்களுக்கு ஒரு பூட்டுச் செய்யத் தோன்றவில்லை. ஆகவே வேல்விழி, தாடிக்காரனையும் தொப்பிக்காரனையும் ஒரு சுவரைப் பார்த்து நடக்கவிட்டாள். கால்கள் நடக்கின்றன, உடல் நகரவில்லை. அது சுவரன்று, வெளியே பூட்டிய கதவு என்பதைக் குரல்தான் சொல்ல வேண்டும். சொர்ணலட்சுமி சொன்னாள்:

“செக்கிங் வந்துருச்சுன்னு எங்கள மருந்து ரூமுக்குள்ள விட்டு, மொதலாளி கதவ வெளிய பூட்டுனாக.”

4

உள்ளூர் கேபிள் சேனல் நடத்தும் சங்கிலிமுத்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் படத்தை ஒளிபரப்ப ஒப்புக்கொண்டிருந்தார். இந்த வாக்கியத்தைக் கேட்டதும், அக்காவும் தங்கையும் இருந்த கடைக்கே வரச்சொல்லி எனக்கு ஆளனுப்பினார்.

“சார், நம்ம சேனல்ல ஓடுற வெளம்பரம் பூராவும் பட்டாசு. இத மட்டும் பதமா மாத்திக் குடுங்க. ‘கதவு பூட்டியிருந்துச்சு’ன்னு வைங்க. யாருக்கும் நோகாது.”

“பூட்டுதல் செயப்படுபொருள் குன்றா வினை,” என்றேன். “ஒருவர் பூட்டாமல் கதவு பூட்டியிருக்காது. எழுவாய் வேண்டும்.”

“அந்த எழுவாயத்தான் எடுங்கன்னு சொல்றேன்.”

“எடுத்துருவோம் அண்ணாச்சி,” என்றாள் சொர்ணலட்சுமி.

வேல்விழி அக்காவை முறைத்தாள். அக்கா கண்டுகொள்ளவில்லை, மைக்கின் முன் போய் உட்கார்ந்து, ‘மொதலாளி’ என்ற சொல் இல்லாமல் அதே வாக்கியத்தை மறுபடி சொன்னாள். சங்கிலிமுத்து கேட்டார், தலையசைத்தார், குறுந்தகட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனார். திரும்பி வந்தார்.

“ஏம்மா, ‘பூட்டுனாக’ன்னா சொல்ற?”

“ஆமா.”

“‘பூட்டுனான்’னு சொல்லேன். வாட்ச்மேன்னு நெனச்சுக்கிடுவாக.”

(இங்கே கதையை நிறுத்தி இலக்கணம் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. தமிழில் எழுவாயை நீக்கினாலும் அது போய்விடாது. வினைமுற்றின் இறுதியில் நிற்கும் விகுதி, செய்தவர் யார் எவர் என்பதைக் காட்டிக்கொடுக்கும். எங்கள் பக்கத்துப் பேச்சில் வாட்ச்மேன் வந்தால் ‘வந்தான்’, வேன் டிரைவர் வந்தால் ‘வந்தான்’. முதலாளி வந்தால் ‘வந்தாக’. கம்பெனிக் கதவைப் பூட்டக்கூடியவர்களில் ‘ஆக’ பெறுபவர் ஒருவரே. பன்மைக்கும் அதே விகுதி உண்டு என்று வழக்கறிஞர்கள் சொல்லலாம். சொல்லட்டும்.)

“மொதலாளியப் போயி ‘ன்’னு சொல்றதா?” என்றாள் சொர்ணலட்சுமி. “அவுக எம்புட்டுப் பெரியவுக. மரியாதையில்லாமப் பேசச் சொல்றீகளே அண்ணாச்சி, அவுக காதுல விழுந்தா, நீங்கதான் சொல்லிக்குடுத்தீகன்னு சொல்லிருவேன்.”

சங்கிலிமுத்து சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காக வருந்தியவரைப் போல என்னைப் பார்த்தார். “சார், நீங்க சொன்னாக் கேப்பா. அந்தக் கடைசி எழுத்த மட்டும் திருத்துங்க.”

“விகுதி சரியாக இருக்கிறது,” என்றேன். “சரியாக இருப்பதைத் திருத்துவது என் தொழிலன்று.”

அவர் குறுந்தகட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

5

இனி முடிவுகள்.

அ. சங்கிலிமுத்து மனம் மாறி ஒளிபரப்புகிறார். (மாறவில்லை. அந்த ஞாயிறு மதியம் சேனலில் சமையல் குறிப்பு ஓடியது.)

ஆ. படத்தைப் பார்த்த முதலாளி தலை குனிந் — (இதற்கு மேல் எழுத முடியவில்லை. வாக்கியம் பாதியில் கிடக்கட்டும். அதற்கு அதுவே தகும்.)

இ. இது நடந்தது. சொர்ணலட்சுமி தெருவில் சினேகாவை மறித்தாள். சினேகா மறுபுறம் போனாள். இவளும் மறுபுறம் போனாள். “உங்கம்மாவுக்குத் தொப்பி போட்டு வச்சிருக்கோம், வந்து பாரு,” என்றாள். (இதைவிடப் பொருத்தமான அழைப்பை நான் எழுதிக் கொடுத்திருப்பேன். அதற்கு அவள் வந்திருக்கமாட்டாள்.)

சினேகா உட்காரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றே பார்த்தாள். திரையில் இருவர் சுவரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். வாக்கியம் வந்தது.

“இன்னொரு தரம் போடு,” என்றாள்.

வேல்விழி போட்டாள்.

“வெளியவா?”

“வெளிய,” என்றாள் சொர்ணலட்சுமி. “நாங்க ரெண்டு பேரும் தட்டுனோம். உங்கம்மாதான் பலமாத் தட்டுனா.”

சினேகா கட்டிய கைகளைப் பிரித்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்து, சொர்ணலட்சுமியின் அருகில் போட்டு உட்கார்ந்தாள். பிறகு அந்த வாக்கியத்தைத் தானே முழுமையாகச் சொன்னாள். முழுமையாக என்றால், எழுவாயோடு. ‘முதலாளி’ என்ற பொதுச்சொல்லோடு அன்று, பெயரோடு, இனிஷியலோடு. விகுதியை மட்டும் அவள் மாற்றினாள்: ‘ஆன்’ என்றாள். கடையின் ஷட்டர் முழுவதும் திறந்திருந்தது. சந்தில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

மரியாதை விகுதியை நீக்கியது பிழையா என்று வேல்விழி என்னிடம் கேட்டாள். நான் பென்சிலை எடுக்கவில்லை.

அந்தப் பெயரை நான் இங்கே அச்சிடப் போவதில்லை. அச்சத்தினால் அன்று. நான் எழுதிவிட்டால், நீங்கள் வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். எனவே வாக்கியத்தை எழுவாயின்றித் தருகிறேன். உங்கள் ஊரிலும் ஒரு கதவு இருக்கும், அதற்கு ஒரு பெயரும் இருக்கும். சேர்த்துச் சொல்லுங்கள், சொல்லும்போது குரலைத் தாழ்த்த வேண்டாம்:

‘…………… கதவை வெளியே பூட்டினான்.’